பத்தாவது பின் ஏன் நின்றது? ட்ராக்கை அளந்து பார்த்த அனுபவம்

பத்துப் பின்களைப் பந்து உருட்டி வீழ்த்தும் பவுலிங்கில், பாக்கெட்டில் (முதல் பின்னுக்கும் மூன்றாவது பின்னுக்கும் இடையில்) சரியாகப் போய் விழுந்த பந்துக்கும் பத்தாவது பின் அசையாமல் நிற்கும் தொல்லை ஒருவழியாகக் குறைந்துவிட்டது. இதற்காகப் புதுப் பந்து வாங்கவில்லை, கை போடும் விதத்தையும் மாற்றவில்லை. லேனில், அதாவது பந்து ஓடும் பாதையில், பூசியிருக்கும் ஆயில் பந்தின் மேல் படிந்து உண்டாகிற வளையத்தை, அதாவது ட்ராக்கை, வீட்டில் உட்கார்ந்து ஒழுங்காக அளந்தேன். அது சொன்னபடி நிற்கும் இடத்தையும், லேனில் வரைந்திருக்கும் அம்புகளில் குறிவைக்கும் அம்பையும் மாற்றினேன். அதன் பலனைப் பார்த்த சந்தோஷத்தில்தான் எழுதுகிறேன்.

அந்தப் பத்தாவது பின் எப்படி நின்றது என்பதில்தான் விஷயமே இருந்தது. பந்து ஒழுங்காக அடித்திருந்தால் ஆறாவது பின் வேகமாகப் பறந்துபோய் பத்தைத் தட்டி வீழ்த்தும். எனக்கு ஆறாவது பின் சோர்ந்துபோய் லேன் ஓரக் கால்வாயில் சரிந்து, பத்துக்கு முன்னாலேயே படுத்துக் கிடக்கும். அப்படி என்றால் பந்து பின்களைத் தொடும்போது அதனிடம் தெம்பு மிச்சமில்லை என்று அர்த்தம். முன்னாடியே உருண்டு முடித்துவிட்டது. கூட ஆடுகிறவர்கள் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். "இன்னும் வேகமா போடு", "இன்னும் ஸ்ட்ராங்கான பந்து வாங்கு". இரண்டாவது யோசனையை நான் அப்போதே நம்பவில்லை. சீக்கிரம் உருள்கிற பந்துக்கு இன்னும் பிடிப்பான மேலுறை கொடுத்தால் அது இன்னும் சீக்கிரம்தானே உருளும்?

அளக்கும் வேலைக்கு ஸ்பேருக்கு (மிஞ்சிய பின்களை அடிக்க) வைத்திருக்கும் பிளாஸ்டிக் பந்தை எடுத்துக்கொண்டேன். லேனைப் பிடித்துத் திரும்பும் ரியாக்டிவ் பந்தில் ஃப்ளேர் (சுழலும் அச்சு சுற்றுக்குச் சுற்று நகர்வது) காரணமாக வளையங்கள் போ டை மாதிரி விரிந்து கிடக்கும். எந்த வளையம் முதல் வளையம் என்று கண்டுபிடிப்பதிலேயே பாதி நாள் போய்விடும். பிளாஸ்டிக்கில் ஃப்ளேர் கிட்டத்தட்ட இல்லை, எல்லாம் ஒரே கோடாகப் படியும். கொஞ்சம் ஆயில் உள்ள லேனில், ஸ்ட்ரைக்குக்கு (ஒரே போடலில் பத்தும் விழ) போடுகிற அதே கைவாட்டத்தில் போட்டு, பந்து திரும்பி வந்ததும் துடைக்காமல் மெழுகுப் பென்சிலால் கோட்டை முழுக்க வரைந்துவிட வேண்டும். பென்சில் பாரிமுனையில் வாங்கியது. பந்து துடைக்கிற ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் அந்தப் பக்கமே கிடைத்தது.

கஷ்டமான கட்டம் இதற்கப்புறம்தான். வளையத்தின் நட்டநடுப் புள்ளியைப் பிடிக்க வேண்டும். அதுதான் பிஏபி (பாசிட்டிவ் ஆக்ஸிஸ் பாயின்ட்), பந்து கையைவிட்டவுடன் எந்த அச்சைச் சுற்றிச் சுழல்கிறதோ அதன் முனை. இதற்கென்றே விற்கிற வளைந்த அளவுகோல் என்னிடம் இல்லை. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் வாங்கின தையல்கார டேப்புதான் இருந்தது. குறுகலான டேப் என்பதால் இழுத்துப் பிடித்தால் உருண்டையின் மேல் மடியாமல் ஒட்டி உட்காரும். பந்தை ஒரு எவர்சில்வர் கிண்ணத்தின் மேல் வைத்து, வரைந்த வளையம் தரைக்கு இணையாக வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். அப்போது உச்சியில் இருப்பது உத்தேசமான நடுப்புள்ளி. அதிலிருந்து நாலு திசையிலும் வளையம்வரை அளந்தால் நாலும் ஒன்றாக வர வேண்டும். வராது. ஒருபக்கம் 6⅜ அங்குலம், எதிர்ப்பக்கம் 6⅛. வித்தியாசத்தில் பாதியை, அதாவது ⅛ அங்குலத்தை, நீளமான பக்கத்தை நோக்கி நகர்த்திவிட்டு மறுபடி அளக்க வேண்டும். ஒரு திசை சரியானால் அதற்குக் குறுக்கே உள்ள திசை பிசகும். பொறுமை இல்லாதவர்கள் இந்த இடத்தில் "போதும்பா" என்று விட்டுவிடுவார்கள். விடக்கூடாது. கால் அங்குலம் தள்ளிப்போன பிஏபியை வைத்துப் பந்தில் ஓட்டை போட்டால் அந்த லேஅவுட் (ஓட்டைகளின் அமைப்பு) நம்முடைய கைக்கானதே இல்லை. நாலு பக்கமும் 6¼ என்று வந்து நின்றபோது ராத்திரி சாப்பாடு ஆறிப்போயிருந்தது.

அதோடு விடவில்லை. அந்தப் புள்ளியில் சின்னதாக வெள்ளை டேப் ஒட்டி, மறுபடி லேனுக்குப் போய், நண்பனை வலதுபக்கம் பின்னால் நிறுத்தி போனில் ஸ்லோ மோஷனில் எடுக்கச் சொன்னேன். நான் வலதுகைக்காரன். புள்ளி சரி என்றால் பந்து கையைவிட்ட முதல் சில அடிகளில் டேப் ஒரே இடத்தில் நின்று சுழலும். தப்பு என்றால் அது குட்டி வட்டம் போடும். என்னுடையது நின்றது. "டேய், அசையவே இல்லடா!" என்று அவன் கத்தியதும் பக்கத்து லேனில் பிறந்தநாள் கொண்டாடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இதே வீடியோவில் இன்னொரு லாபமும் உண்டு. டேப் வலது ஓரத்தில் தெரிந்தால் பந்து நேராக முன்னோக்கி உருள்கிறது, ஆக்ஸிஸ் ரொட்டேஷன், அதாவது பக்கவாட்டுச் சுழற்சி, குறைவு. டேப் நம்மைப் பார்த்தபடி வந்தால் முழுக்கப் பக்கவாட்டுச் சுழற்சி, 90 டிகிரி. டேப் பந்தின் நடுமட்டத்துக்கு மேலே ஏறி நின்றால் டில்ட், அதாவது அச்சின் சாய்வு, அதிகம்.

இப்போது கணக்கு. பந்தின் சுற்றளவு சுமார் 27 அங்குலம். அதில் கால்வாசி 6¾, அதாவது 90 டிகிரி. அப்படியானால் ஓர் அங்குலத்துக்கு 13⅓ டிகிரி. என் வளையம் பிஏபியிலிருந்து 6¼ அங்குலத்தில் இருக்கிறது. 6¾-க்கு அரை அங்குலம் குறைவு. ஆக என் டில்ட் 7 டிகிரிக்கும் கொஞ்சம் கம்மி. பிஏபி கைப்பிடியின் மையத்திலிருந்து வலப்பக்கம் 5 அங்குலம், மேலே ½ அங்குலம். வளையம் கட்டைவிரல் ஓட்டையையும் நடுவிரல் ஓட்டையையும் கால் அங்குலத்துக்குச் சற்றே கூடுதலான இடைவெளியில் உரசாமல் தாண்டிப் போகிறது. பழைய ஆட்கள் ஹை ட்ராக் என்று சொல்வது இதைத்தான்.

ட்ராக் எங்கே விழுகிறது என்பதிலேயே பந்தின் நடத்தை எழுதியிருக்கிறது. விரல் ஓட்டைகளுக்கும் கட்டைவிரல் ஓட்டைக்கும் நடுவே வளையம் போனால் ஃபுல் ரோலர். பந்தின் முழுச் சுற்றளவும் தரையில் படும். ஓட்டைகளைவிட்டு ரொம்பத் தள்ளி சின்ன வட்டமாக விழுந்தால் ஸ்பின்னர், பம்பரம் மாதிரி சுழன்றுகொண்டே வழுக்கிப் போகும், கடைசிவரை பிடிக்காது. இவை இரண்டுக்கும் இடையில்தான் நம்மில் முக்கால்வாசிப் பேர். அந்த இடைப்பட்ட கூட்டத்திலும் நான் ஓட்டைகளை ஒட்டிய ஓரத்தில் இருக்கிறேன். டில்ட் குறைந்த கை. பந்து சீக்கிரம் வழுக்கலை விட்டு உருளலுக்கு வந்துவிடும். ஆயில் கனமாக இருக்கிற லேனில் இது வரம். ஆயில் காய்ந்த லேனில் பந்து பாதி வழியிலேயே எல்லாவற்றையும் செலவழித்துவிடும்.

நான் ஆடுகிற இடத்தில் வார இறுதி முழுக்கப் பொதுமக்கள் கூட்டம். முன்பகுதி ஆயில் காய்ந்துவிடுகிறது. பிளாஸ்டிக் வாடகைப் பந்துகள் மிச்ச ஆயிலைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போகின்றன. எத்தனை அடிக்கு ஆயில் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டால் கவுண்டரில் இருக்கிற பையனுக்குத் தெரியாது. ஆட வருகிறவனுக்கு முதலில் தெரிய வேண்டிய சங்கதி அது. கேரம் ஆடினவர்களுக்கு இது சட்டென்று புரியும்: பவுடர் போன பலகையில் ஸ்ட்ரைக்கர் எப்படித் திக்கித் திக்கி நிற்குமோ, அதேதான். நான் இரண்டாவது அம்பில், பத்தாவது போர்டில் (வலது ஓரத்திலிருந்து எண்ணும் லேன் பலகை) ஆடிக்கொண்டிருந்தேன். அங்கே எண்ணெய் மெலிசு. டில்ட் குறைந்த பந்து அங்கே போனால் உடனே பிடித்துக்கொள்ளும்.

கால்களை இடப்பக்கம் நகர்த்தி மூன்றாவது அம்புக்கு, அதாவது பதினைந்தாவது போர்டுக்கு மாறினேன். நடுப்பகுதியில் ஆயில் கூடுதலாக இருப்பதால் பந்து இன்னும் கொஞ்ச தூரம் வழுக்குகிறது. பந்து திரும்புகிற இடத்துக்கு 31 விதியைப் பிடித்துக்கொண்டேன். ஆயில் நீளத்திலிருந்து 31-ஐக் கழித்தால் எந்த போர்டு என்று வரும், 40 அடி என்றால் ஒன்பது. முன்பு 45 அடியிலேயே உருண்டு முடித்த பந்து இப்போது பின்களுக்குப் பக்கத்தில்தான் முழு உருளலுக்கு வருகிறது. ஆறாவது பின் மறுபடி பறக்கிறது. அந்தச் சத்தமே வேறு!

மேலுறையையும் கொஞ்சம் வழுவழுப்பாக்க வேண்டியிருந்தது. உப்புத்தாள் கணக்கில் இரண்டாயிரம் கிரிட்டில் இருந்ததை நாலாயிரத்துக்கு. கையால் தேய்த்தால் ஒரே சீராக வராது, பந்து சுழல வேண்டும். வியாசர்பாடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் போனேன். பந்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி இது, இவ்ளோ கனம்? இத எங்க புடிக்கிறது, எல்லாப் பக்கமும் உருண்டையா இருக்கு" என்றார். "கப்பு மாதிரி ஒண்ணுல உக்கார வச்சா போதும்ணே, தன் கனத்துலயே நிக்கும்" என்றேன். பழைய வெட் கிரைண்டர் மோட்டார், ஒரு பெல்ட், மேலே பிவிசி பைப்பின் காலர். அட்டகாசமாகச் சுற்றுகிறது. காசு எவ்வளவு என்று கேட்டதற்கு, "ஒருநாள் கூட்டிக்கினு போய் ஆட வுடு, அது போதும்" என்றார். அவரைக் கட்டாயம் கூட்டிப்போக வேண்டும்.

இன்னும் முடியாத வேலை ஒன்று இருக்கிறது. போன வருடம் செகண்ட்ஹேண்டில் வாங்கிய 15 பவுண்டு ரியாக்டிவ் பந்து. முன்பு வைத்திருந்தவரின் பிஏபிக்காக ஓட்டை போட்டது. என் கையில் அதன் வளையங்கள் விரிந்து நடுவிரல் ஓட்டையின் மேலேயே ஏறுகின்றன. லேனில் போகும்போது "டக் டக்" என்று கேட்கும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஓட்டையின் விளிம்பு தரையில் படுகிறது. உருள்வது ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி ஆகிவிடும். போதாததற்கு அதில் பேலன்ஸ் ஓட்டை (விரல் போகாத, பந்தின் சமநிலைக்காகப் போட்ட ஓட்டை) வேறு. 2020 ஆகஸ்ட் முதல் அமெரிக்க பவுலிங் அமைப்பான யுஎஸ்பிசியின் விதியில் அதற்கு இடமில்லை. எல்லாவற்றையும் அடைத்துப் புதிதாகத்தான் ஓட்டை போட வேண்டும்.

பெரம்பூர், கொளத்தூர் பக்கம் பந்தில் ஓட்டை போட்டுத் தருகிறவர் யாரும் எனக்குத் தெரியவில்லை. 29சி பேருந்தில் இரண்டு பந்துப் பையைத் தூக்கிக்கொண்டு தெற்கே போக வேண்டும். பையோடு பதினான்கு கிலோவுக்கு மேல் வரும். காலை ஒன்பது மணிக்கு மேல் அந்தப் பேருந்தில் ஏறவே முடியாது, அதனால் முதல் வண்டிகளில் ஒன்றைப் பிடிப்பதாக உத்தேசம்.

லேஅவுட்டில்தான் இன்னும் மனம் ஊசலாடுகிறது. பந்தின் பின்னிலிருந்து (விழும் பின் அல்ல, பந்தின் உள்கருவின் உச்சியைக் காட்டும் புள்ளி) பிஏபிக்கு 3⅜ அங்குலம் வைத்தால் ஃப்ளேர் உச்சத்துக்குப் போகும். சீக்கிரம் உருள்கிற என் கைக்கு அது வேண்டவே வேண்டாம். ஐந்து அங்குலம் வைத்து ஃப்ளேரைக் குறைத்து, பின்னை விரல்களுக்கு மேலே ஏற்றிப் போடச் சொல்லலாம் என்று இருக்கிறேன். நண்பன் நாலரை போதும் என்கிறான். உங்களில் டில்ட் பத்து டிகிரிக்குள் இருப்பவர்கள் யாராவது ஐந்து அங்குலத்தில் ஆடிப் பார்த்திருந்தால், காய்ந்த லேனில் பந்து எங்கே திரும்பியது என்று சொல்லுங்கள். அதைக் கேட்டபிறகே ஓட்டை போடக் கொடுக்கப் போகிறேன்.