ஏரிக்கரையில் ஞாயிற்றுக்கிழமைகள்: எங்கள் சிறுவர் மன்ற நாட்குறிப்பு

6 அக்டோபர் 2024, ஞாயிறு

மதுராந்தகம் பக்கத்தில் எங்கள் ஊர். நூலகத்தை ஒட்டி நடக்கும் சிறுவர் மன்றத்தில் 22 பிள்ளைகள், ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை. இந்த ஆண்டு இயற்கைக் கல்விக்கு என்ன செய்வது என்று இன்று உட்கார்ந்து பேசினோம். போன ஜனவரியில் வேன் பிடித்து வேடந்தாங்கல் போனோம். போய்ச் சேரும்போதே வெயில் ஏறிவிட்டது, இருந்தது ஒரே ஒரு தொலைநோக்கி, ஆளுக்கு அரை நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. திரும்பி வந்து கேட்டால் ஒரு பறவையின் பெயரைக்கூட யாராலும் சொல்ல முடியவில்லை. அது பிள்ளைகளின் குறை இல்லை, திட்டம் போட்டவள் நான்.

இந்த முறை வேன் வேண்டாம். எங்கள் ஏரிக்கே போவோம், பொங்கல் வரை திரும்பத் திரும்பப் போவோம். மழைக்கு முன்னால் தொடங்கிவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஏரி காய்ந்து கிடக்கும்போது பார்த்தால்தான் அது எப்படி நிரம்புகிறது என்று புரியும். வடகிழக்குப் பருவமழை நமக்காகக் காத்திருக்காது.

10 அக்டோபர், வியாழன்

பல வருடம் மதகு திறந்து மூடிய தாத்தா ஒருவர் இருக்கிறார். அவரோடு கரையைச் சுற்றி நடந்தேன். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எங்கே உள்ளே வருகிறது, எந்த இடத்தில் சீமைக்கருவேலம் அடைத்துக் கிடக்கிறது, ஏரி நிரம்பி, மிச்சம் வெளியேறும் கலங்கல் வழிந்தால் தண்ணீர் எந்த ஊர் ஏரிக்குப் போகும் என்று கையை நீட்டி நீட்டிக் காட்டினார். செங்கல்பட்டை ஏரி மாவட்டம் என்று பள்ளியில் படித்திருக்கிறேன். ஆனால் ஒரு ஏரியின் மிச்சம்தான் அடுத்த ஏரிக்கு வரவு என்று இப்படிக் காலால் நடந்து தெரிந்துகொண்டது இன்றுதான்.

மதகுக் கல்லில் அடிக்கணக்குக் கோடு போட வேண்டும் என்று சொன்னேன். "எதுக்கும்மா பெயிண்டு? தண்ணியப் பாத்தா எனக்கே தெரியும்" என்று சிரித்தார். எங்கள் ஏரியின் ஆயக்கட்டு, அதாவது அதன் தண்ணீர் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்கு உள்ளேதான் வருகிறது, அதனால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. தலைவரிடம் கேட்டேன், சரி என்றார்.

20 அக்டோபர், ஞாயிறு

முதல் நாள். காய்ந்த ஏரிக்குள் நடக்கவிட்டு ஆளுக்கு ஒரு வரைபடம் போடச் சொன்னோம். ஒருவன் படத்தில் ஏரியைவிடக் கிரிக்கெட் பிட்ச் பெரிதாக இருந்தது. அழிக்கச் சொல்லவில்லை, அந்தப் பிட்ச் எப்போது மூழ்குகிறது என்று தேதி குறித்து வைப்பது அவன் வேலை என்று கொடுத்துவிட்டேன்.

பெரிய பிள்ளைகள் மதகில் வெள்ளைக் கோடு போட்டார்கள், கல்லின் கீழிருந்து ஒன்பதாவது அடி வரை.

27 அக்டோபர், ஞாயிறு

பெற்றோர் கூட்டம். "தண்ணி வந்த பிறகும் ஏரிக்குக் கூட்டிட்டுப் போவியாம்மா?" என்று ஒரு அம்மா கேட்டார், நியாயமான பயம். மண் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கடியில் தெரியாது, மேலே கணுக்கால் ஆழம் மாதிரி இருக்கும், அடுத்த எட்டு வைத்தால் இரண்டு ஆள் ஆழம். அதனால்தான் காய்ந்திருக்கும்போதே பள்ளங்களைப் பிள்ளைகளை வைத்துக் குறித்து வைத்திருக்கிறோம். தண்ணீர் வந்த பிறகு யாரும் கரையை விட்டு இறங்கக் கூடாது, ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர், கயிறும் காற்றடைத்த லாரி டியூபும் கையோடு வரும். இதில் ஒன்று குறைந்தாலும் அன்றைக்கு நிகழ்ச்சி கிடையாது என்று எழுதியே கொடுத்துவிட்டேன்.

3 நவம்பர், ஞாயிறு

மழைமானி செய்தோம். இரண்டு லிட்டர் பாட்டிலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகினால் அதுவே புனல். அடியில் கூழாங்கல் போட்டு, நேர்ச்சுவர் தொடங்கும் இடம் வரை தண்ணீர் ஊற்றி, அதைப் பூஜ்ஜியம் என்று குறித்து, அதற்கு மேல் ஸ்கேலை ஒட்ட வேண்டும். வானிலைத் துறை காலை 8.30 மணிக்கு அளவெடுக்கும். எங்கள் பிள்ளைகளுக்கு அது பஸ் ஏறும் நேரம், அதனால் 7.30. எந்த நேரமானாலும் தினமும் அதே நேரம் என்பதுதான் முக்கியம்.

ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி உடனே நூலகத்தின் மாடியை அடிகோலால் அளக்கக் கிளம்பிவிட்டாள். ஏறக்குறைய 100 சதுர மீட்டர், 10 மில்லிமீட்டர் பெய்தால் ஆயிரம் லிட்டர். "இவ்வளவும் தெருவுலயா போகுதுக்கா?" என்றாள். இதற்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

17 நவம்பர், ஞாயிறு

மூன்று பாட்டிலில் மூன்று மண்: ஏரியின் நடுவிலிருந்து எடுத்து வைத்திருந்தது, வரத்துக்காலிலிருந்து, ஒரு வயலிலிருந்து. தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்தோம். மணல் ஒரு நிமிடத்தில் இறங்கிவிட்டது. வரத்துக்கால் பாட்டிலில் பாதிக்கு மேல் மணல்தான். வண்டல் மெல்ல மெல்ல இறங்கியது. ஏரி மண் பாட்டில் மட்டும் சாயங்காலமும் டீ நிறத்தில் கலங்கியே இருந்தது, களி அவ்வளவு பொடி. தண்ணீர் கீழே இறங்காமல் தேங்குவதற்கு அந்தக் களிதான் காரணம் என்று பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே விளக்க முடிந்தது. கோடையில் வண்டலை ஏன் வயலுக்கு அடிக்கிறார்கள் என்று ஒரு விவசாயி வீட்டுப் பையன் மற்றவர்களுக்குச் சொன்னான், நான் வாயே திறக்கவில்லை.

2 டிசம்பர், திங்கள்

ஃபெஞ்சல் புயல் சனிக்கிழமை ராத்திரி கரை கடந்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர். எங்கள் மழைமானியின் ஸ்கேல் 15 சென்டிமீட்டர்தான், பாட்டில் வழிந்துவிட்டது. பொறுப்பில் இருந்த பையன் அழுதுவிட்டான். நோட்டில் "15-க்கு மேல், வழிந்தது" என்று எழுதச் சொன்னேன், அது உண்மையான அளவு, அடித்துவிட்டு வேறு எழுத வேண்டியதில்லை. இனி கனமழை எச்சரிக்கை வந்தால் ராத்திரி படுக்கும் முன் ஒரு முறை அளந்து கொட்டிவிட வேண்டும்.

பிட்ச் மூழ்கிவிட்டது, தேதி குறித்தாகிவிட்டது. கலங்கல் வழிகிறது, ஊரே வலையோடு கெளுத்திக்கும் விராலுக்கும் நிற்கிறது. பிள்ளைகளை நான் கூட்டிப் போகவில்லை. ஓட்டம் குறையட்டும்.

15 டிசம்பர், ஞாயிறு

அரையாண்டுத் தேர்வு. மழைமானி மட்டும் ஓடுகிறது.

29 டிசம்பர், ஞாயிறு

காலை ஆறரைக்கே கரையில். தொலைநோக்கி இப்போதும் ஒன்றுதான், ஆனால் அவசரமில்லை. நத்தைகுத்தி நாரை ஒன்று கரையோரம் நின்றது. அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி, வெளிச்சம் ஊடே தெரிகிறது. நத்தையை ஓட்டிலிருந்து எடுக்க அந்த அலகுதான் கருவி. குஞ்சுக்கு அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும் என்றதும் ஒவ்வொருத்தராகப் போய் மறுபடி பார்த்தார்கள்.

அங்கேதான் வேடந்தாங்கல் கதையைச் சொன்னேன். 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே, வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று அந்த ஊர்க்காரர்கள் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டுப் பாதுகாப்புக்கு எழுத்து வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. போன ஜனவரியில் அந்த ஏரிக்கரையிலேயே நின்று இதே கதையைச் சொன்னேன், யார் காதிலும் ஏறவில்லை.

16 ஜனவரி 2025, வியாழன்

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு. தமிழ்நாட்டில் 2015-லிருந்து நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஒரு இடத்தில் பார்த்து எண்ணி, ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்ற வேண்டும். மாட்டுப் பொங்கல் அலைச்சலுக்கு மறுநாள் யார் வருவார்கள் என்று நினைத்தேன், 17 பேர் வந்தார்கள். முக்குளிப்பானை எண்ணுவதில்தான் பெரிய சண்டை, முங்கியது ஒரு இடம், எழுந்தது வேறு இடம், அது அதேதானா வேறா என்று. மூன்று முறை எண்ணி, மூன்றிலும் குறைவான எண்ணையே எழுதினோம்.

கிளம்பும்போது மதகுத் தாத்தா வந்தார். நவரைப் பருவ நெல் நடவுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுவதைப் பற்றி ஆயக்கட்டுக்காரர்கள் சாயங்காலம் பேசுகிறார்களாம். "கோடு எத்தனையில நிக்குது கண்ணு?" என்று அந்த எட்டாம் வகுப்புப் பெண்ணிடம் கேட்டார். ஏழரை என்றாள், போன ஞாயிறு எட்டு என்பதையும் நோட்டைப் புரட்டிக் காட்டினாள். அதைத் துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.