ஹம்பக்கரா, பி-90யா: ஆர்ச்டாப் கிட்டார்களை மாற்றி மாற்றி வாசித்துப் பார்த்ததில்

ஆர்ச்டாப், அதாவது வயலின் மாதிரி மேல்பலகை வளைந்த கிட்டார், வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது அதன் பிக்அப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) இரட்டைச் சுருள் ஹம்பக்கரா ஒற்றைச் சுருள் பி-90யா என்றுதான். நானும் அந்தக் கேள்வியோடுதான் இறங்கினேன். கொஞ்ச மாதங்களாகச் சில கிட்டார்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்ததில் கேள்விகளின் வரிசையே எனக்கு மாறிவிட்டது. எவ்வளவு சத்தத்துக்கு நடுவே வாசிக்கப் போகிறோம் என்பது முதலில், அதற்கேற்ற பாடி அடுத்தது, பிக்அப் மேல்பலகையில் பதிந்திருக்கிறதா தொடாமல் நிற்கிறதா என்பது அதற்கடுத்தது. ஹம்பக்கர், பி-90 விவாதமெல்லாம் அப்புறம்தான்.

ஒப்பிடும்போது சிலவற்றை மாற்றவே இல்லை. எல்லாவற்றிலும் ஒரே ஃப்ளாட்வவுண்ட் (மேலே தட்டையான கம்பியால் சுற்றிய) செட், மெல்லிய கம்பி 12 (அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு தடிமன்), ஜி கம்பியும் சுற்றுக்கம்பி. ஒரே ஆம்ப், குமிழ்கள் ஒரே நிலையில், ஒரே தடித்த பிளெக்ட்ரம். வாசித்ததும் பி பிளாட்டில் ஒரே ப்ளூஸ்தான், முதலில் கார்டுகளாகத் தாளம் பிடித்து, அப்புறம் ஒற்றைச் சுரங்களாக. கம்பி வேறுவேறாக இருந்தால் பிக்அப்பை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. உருண்டைக் கம்பியால் சுற்றிய ரவுண்ட்வவுண்டிலிருந்து ஃப்ளாட்வவுண்டுக்குப் போனாலே ஒலி அவ்வளவு மாறிவிடுகிறது.

முதலில் நண்பர் கொடுத்த செதுக்கிய கிட்டார். 17 அங்குல அகலம், மேல்பலகை முழு ஸ்ப்ரூஸ் மரத்தைக் குடைந்து வளைவாகச் செதுக்கியது. பிக்அப் ஃப்ளோட்டிங் வகை: மெல்லிய சின்ன ஹம்பக்கர், நெக்கின் முனையில் ஒரு பட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, வால்யூம் குமிழ்கூட பிக்கார்டில், அதாவது மேல்பலகைக்கு மேலே தனியாக நிற்கும் காப்புத் தகட்டில்தான். எஃப் வடிவத் துளைகள் இரண்டைத் தவிர மேல்பலகையில் யாரும் கைவைக்கவில்லை. கிப்ஸன் கம்பெனியின் எல்-5 கிட்டார் 1922-இல் வந்தபோது ஆர்ச்டாப் மின்சாரம் இல்லாமலே காதில் விழ வேண்டிய வாத்தியம். கிட்டாரிஸ்ட் ஃப்ரெடி கிரீன், ஜாஸ் பியானோக் கலைஞர் கவுன்ட் பேஸியின் முழு பேண்டுக்கு நடுவே ஆம்ப் இல்லாமல் தாளம் பிடித்ததும் ஆர்ச்டாப்பில்தான். அந்தக் குணம் இதில் அப்படியே இருக்கிறது. கார்டு சட்டென்று எழுந்து சட்டென்று அடங்குகிறது. ஆம்ப் வழியே கேட்டாலும் அது தெரிகிறது, ஏனென்றால் கம்பியின் அதிர்வை மேல்பலகை வேகமாக வாங்கிக் காற்றில் விட்டுவிடுகிறது, கம்பியில் மிஞ்சுவதைத்தான் பிக்அப் எடுக்கிறது. தனியாகவோ ஒரு பாஸ் வாத்தியத்தோடு சேர்ந்தோ வாசிப்பவருக்கு இதைவிட அழகான ஒலி கிடைக்காது என்றுதான் இன்னமும் சொல்வேன்.

டிரம்ஸ் சேர்ந்ததும் கதை மாறியது. ஆம்பை ஏற்றிய கொஞ்ச நேரத்தில் ஏ கம்பியும் அதை ஒட்டிய சுரங்களும் தானாகவே ஊளையிட ஆரம்பித்தன. உள்ளங்கையைக் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் மேல்பலகை மேல் வைத்து அழுத்தினால் நிற்கும், பலகை கைக்கடியில் துடிப்பது தெளிவாகத் தெரியும், கையை எடுத்தால் திரும்ப எழும். ஆம்பைத் தள்ளி, பக்கவாட்டில் திருப்பி வைத்தோம், பாஸ் குமிழைக் குறைத்தோம், கடைசியில் எஃப்-துளைகளுக்கு அளவாக ஸ்பாஞ்ச் வெட்டிச் செருகியதும் நன்றாகவே அடங்கியது. ஆனால் எந்த ஒலிக்காக இந்தக் கிட்டாரை எடுத்தோமோ அதில் பாதி ஸ்பாஞ்சோடு போய்விட்டது.

அடுத்து பிளைவுட் பாடி. என்னுடையது இந்த வகைதான், ஹம்பக்கர் வைத்தது. குழுவில் இன்னொருவரிடம் கிட்டத்தட்ட இதே அளவில் பி-90 வைத்த ஒன்று இருந்ததால் அதையும் இரவல் வாங்கிக்கொண்டேன். இரண்டுக்கும் மூலம் 1949-இல் வந்த கிப்ஸன் ஈஎஸ்-175: அகலம் 16¼ அங்குலம், ஆழம் 3⅜ அங்குலம், மேப்பிள் அடுக்குகளை ஒட்டி அச்சில் அழுத்திய மேல்பலகை, ஸ்கேல் (அதிரும் கம்பியின் நீளம்) 24¾ அங்குலம். பிளைவுட் என்றதும் மட்டமானது என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள், எனக்கு அதில் சம்மதமே இல்லை. ஜாஸ் கிட்டாரிஸ்ட் ஜோ பாஸ் அவ்வளவு வாசித்தது இந்த வகையில்தான். விறைப்பான, கனமான மேல்பலகை என்பதால் ஆம்ப் இல்லாமல் சத்தம் குறைவு, ஆனால் அதே காரணத்தால்தான் டிரம்ஸ் பக்கத்திலும் ஊளை சீக்கிரம் வருவதில்லை. சுரமும் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கிறது. இதில் பலகையை வெட்டிப் பிக்அப் பதிப்பதால் பெரிய நஷ்டமும் இல்லை. செதுக்கிய மேல்பலகையில் வெட்டிப் பதிக்கும் வழக்கமும் உண்டு, 1951-இல் வந்த எல்-5 சிஇஎஸ் அப்படித்தான், இன்னொரு ஜாஸ் கிட்டாரிஸ்ட் வெஸ் மான்ட்கோமரி வாசித்ததும் அதைத்தான். அந்த வகை என் கைக்கு இன்னும் வரவில்லை.

சரி, இப்போது பிக்அப். பி-90 1946-லிருந்து இருப்பது, அகலமான ஒரே சுருள், அடியில் இரண்டு காந்தப் பட்டைகள், நடுவில் ஆறு ஸ்க்ரூ. ஹம்பக்கர் கிப்ஸன் பொறியாளர் சேத் லவர் வடிவமைத்தது, கிட்டார்களில் 1957-இல் வர ஆரம்பித்தது. அதில் இரண்டு சுருள்களும் எதிரெதிர் திசையில் சுற்றி, காந்த முனைகளும் எதிரெதிராக இருப்பதால் மின்சார இரைச்சல் ஒன்றையொன்று கழித்துக்கொள்கிறது, கம்பியின் ஒலி கூடுகிறது. கம்பியை இரண்டு இடத்தில் கேட்பதால் மேல் அதிர்வெண்களில் கொஞ்சம் கரைந்து ஒலி உருண்டையாகிறது. வாசித்துக் கேட்டால் வித்தியாசம் எனக்குக் கார்டுகளில்தான் பெரிதாகத் தெரிந்தது. பி-90யில் கார்டின் நடுவில் இருக்கும் மூன்றாம், ஏழாம் சுரங்கள் தனித்தனியாகக் காதில் விழுகின்றன, ஹம்பக்கரில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஒற்றைச் சுரத்தில் ஹம்பக்கரின் தடிமன் சுகமாக இருந்தாலும் பிளெக்ட்ரம் கம்பியைத் தொடும் அந்த முதல் சத்தம் மழுங்கிவிடுகிறது. பி-90 இரைகிறது, அது உண்மை, விளக்கின் டிம்மருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் ரொம்பவே. நாற்காலியைக் கொஞ்சம் திருப்பி உட்கார்ந்தால் பெரும்பாலும் குறைகிறது.

பி கம்பி மட்டும் துள்ளிக்கொண்டு கேட்பது இந்தக் கம்பி செட்டோடு கூடவே வரும் தொல்லை. சுற்றுக்கம்பியில் காந்தம் உணர்வது பெரும்பாலும் உள்ளே இருக்கும் மெல்லிய மையக்கம்பியைத்தான், பக்கத்திலேயே சுற்றில்லாத தடித்த பி கம்பி இருப்பதால் ஜி-யை அது அமுக்கிவிடுகிறது. 1936-இல் வந்த கிப்ஸன் ஈஎஸ்-150யின் பட்டை பிக்அப்பில், அதாவது ஜாஸ் கிட்டாரிஸ்ட் சார்லி கிறிஸ்டியன் பெயரில் அழைக்கப்படும் அதே பிக்அப்பில், பி கம்பிக்குக் கீழே பட்டையைக் கொஞ்சம் வெட்டிய வடிவமும் உண்டு. காரணம் இதேதான். பி-90யில் இரண்டாவது ஸ்க்ரூவைக் கால் சுற்று கால் சுற்றாக இறக்கி, ஒவ்வொரு முறையும் ஜி, பி, ஜி, பி என்று ஒரே பலத்தில் தட்டிக் கேட்டு, சமமானதும் நிறுத்தினேன். இரண்டு பக்கமும் காது மாதிரி தகடு வைத்த பி-90யில் பிக்அப்பை உயர்த்த வேண்டுமானால் அடியில் மெல்லிய பலகை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்க்ரூக்கள்தான் கதி.

ஈஎஸ்-335 மாதிரி நடுவே கட்டை வைத்த மெல்லிய பாடியையும் ஒரு மாலை வாசித்தேன். ஊளை என்ற பேச்சே இல்லை, தோளுக்கும் சுகம். ஆனால் தாளம் பிடிக்கும்போது அந்தக் காற்றோட்டமான தட்டு வரவில்லை என்பதால் அதோடு விட்டுவிட்டேன்.

எனக்கு வேண்டியது முழு ஆழ பிளைவுட் பாடி, நெக் பக்கம் ஒற்றை பி-90 என்று முடிவானது. இன்னொரு கிட்டார் வாங்கத் தேவைப்படவில்லை, ஹம்பக்கர் அளவு உறையிலேயே பி-90 கிடைக்கிறது, பலகையை வெட்டாமல் அதே குழியில் உட்கார்ந்துவிடும். வேலை எடுத்தது ஒயரிங்தான். உள்ளே கை போகாது, எல்லாமே எஃப்-துளை வழியாகத்தான். வால்யூம், டோன் பாட்களை (குமிழுக்கு அடியில் இருக்கும் மாறும் மின்தடைகளை) கழற்றும் முன் ஒவ்வொன்றின் தண்டிலும் ஒரு நூலைக் கட்டி, நட்டைக் கழற்றி உள்ளே விட்டு, எஃப்-துளை வழியாக வெளியே இழுத்து சால்டர் செய்து, அதே நூலைப் பிடித்துத் திரும்ப அதன் துளைக்கே கொண்டுவந்தேன். பிரிட்ஜ் ஒட்டாமல் கம்பி அழுத்தத்தில் மட்டுமே நிற்பதால் கம்பிகளை எடுக்கும் முன் அதன் இரண்டு முனையையும் டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டதும் உதவியது. பழைய 500கே (500 கிலோ ஓம்) பாட்களை அப்படியே விட்டிருக்கிறேன். ஒலி கொஞ்சம் கூர்மையாக இருக்கிறது, டோன் குமிழைப் பாதிக்குக் கீழே வைத்தால் சரியாகிறது. அடுத்த முறை கம்பி மாற்றும்போது வால்யூமுக்கு மட்டும் 250கே போட்டுக் கேட்கப் போகிறேன்.