நான்காவது கேள்வி: கெம்னிட்ஸ் நாட்குறிப்பு

பிப்ரவரி 9, 2025, ஞாயிறு

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது என்பதை இரண்டாவது வருடமும் மறந்துவிட்டேன். வெங்காயம் இல்லை. வெங்காயம் இல்லாத அரிசி பருப்புச் சாதம். ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் அம்மாவுக்கு வாசனையிலேயே தெரிந்துவிடும்.

வியாழன் பரீட்சை, கட்டுப்பாட்டுப் பொறியியல்.

பிப்ரவரி 10

இன்று முழுக்க நூலகம். நூலகம் என்று நாங்கள் சொல்லும் கட்டடம் பழைய நூற்பாலை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டியது. 2020-ல் புத்தகங்கள் உள்ளே வந்தன. வந்த புதிதில் ஒரு போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். முப்பது வருடம் மில்லில் ரிங் பிரேம் என்னும் நூற்பு இயந்திரத்துக்கு ஃபிட்டராக இருந்த மனிதர். வாசலில் நின்று சிரிக்கும் மகளைப் பார்க்கவில்லை. "இத்தன ஜன்னல் வச்சிருக்கானே, தொறந்தா காத்து காஞ்சு நூலு அந்து போகுமே, என்ன பண்ணியிருப்பான்?" என்று கேட்டார்.

கெம்னிட்ஸ் என்கிற இந்த ஊரை சாக்ஸனி மாநிலத்தின் மான்செஸ்டர் என்பார்கள். எங்கள் ஊரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்பார்கள். நிஜ மான்செஸ்டருக்கு இதெல்லாம் தெரியுமா என்று தெரியவில்லை. இரண்டு ஊரிலும் மில்கள் மூடிவிட்டன. இங்கே மூடிய மில்லில் உட்கார்ந்து நான் படிக்கிறேன். அங்கே மூடிய மில்லில் அப்பாவுக்கு வர வேண்டிய பணம் இன்னும் முழுதாக வரவில்லை.

இரவு 11 மணி. ஜன்னலில் மின்நிலையப் புகைபோக்கியின் உச்சிப் பட்டை தெரிகிறது. தெரிந்தால் பாஸ்.

பிப்ரவரி 11, தைப்பூசம்

அம்மா பழனி போய்ச் சேர்ந்துவிட்டாள். சிங்காநல்லூரிலிருந்து கிளம்பிய கூட்டத்தோடு நடை. கொப்புளம் வந்த பாதத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறாள், கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "பரீச்ச நல்லா எழுதோணும்னு வேண்டிட்டேன் கண்ணு." பின்னால் காவடிக்கூட்டத்தின் மேளம்.

எத்தனையாவது தடவை எழுதுகிறேன் என்று முருகனுக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முடியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்திருப்பாள்.

பிப்ரவரி 12

ஒரே ஒரு ஏ4 தாள் கொண்டுபோகலாம், கையால் எழுதியது. இரண்டு பக்கமும் எறும்பு எழுத்து. மூன்றாவது முறையாகப் புதிதாக எழுதினேன், பழைய இரண்டு தாளும் ராசியில்லை என்பதால்.

பிப்ரவரி 13

எழுதியாயிற்று.

பிப்ரவரி 14

நேற்று ஒன்றும் எழுத முடியவில்லை. இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

120 நிமிடம், ஆறு கேள்வி. மேசையில் மாணவர் அட்டை, பாஸ்போர்ட். மூன்று வரை நன்றாகப் போனது. நான்காவது, நைக்விஸ்ட்: ஒரு அமைப்பு நிலையாக நிற்குமா என்று வரைபடம் போட்டுப் பார்க்கும் முறை. திறந்த சுற்றில், அதாவது பின்னூட்டம் இல்லாதபோது, ஒரு போல் (pole) வலது பாதியில்; அங்கே இருந்தால் நிலையற்றது, இடது பாதியில் இருந்தால் நிலையானது. பெருக்கம் கே-யின் மதிப்பு 2. வரைபடம் வரைந்தேன், ஒழுங்காகத்தான் வரைந்தேன், மைனஸ் இரண்டில் தொடும் ஒரு வட்டம். மைனஸ் ஒன்றை ஒரு முறை சுற்றுகிறது. சுற்றினால் நிலையற்றது என்று கோயம்புத்தூரில் இரண்டாம் வருடம் மனப்பாடம் செய்தது அப்படியே கையிலிருந்து இறங்கிவிட்டது. "நிலையற்றது" என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். அடிக்கோடு வேறு!

திறந்த சுற்றே நிலையற்றது என்றால் அந்த வட்டம் மைனஸ் ஒன்றை எதிர்க்கடிகாரத் திசையில் ஒரு முறை சுற்றத்தான் வேண்டும். அதுதான் அதைக் காப்பாற்றுகிறது. இது எனக்குத் தெரியும். என் எறும்புத் தாளிலேயே இருந்தது, பின்பக்கம், வலது ஓரம். படிகளில் இறங்கும்போது ஞாபகம் வந்தது. எட்டாவது படி.

இன்னும் கேவலம் என்னவென்றால், நைக்விஸ்ட்டே வேண்டாம். பின்னூட்டம் சேர்த்து மூடிய சுற்றின் போல் 1 கழித்தல் கே. கே 2 என்றால் மைனஸ் 1. இடது பாதி. நிலையானது. ஒரு வரி. பத்து விநாடி.

25 மதிப்பெண் கேள்வி.

பிப்ரவரி 15

1 கழித்தல் 2.

பிப்ரவரி 17

வெளியே மைனஸ். மூக்குக்குள் முடி உறைவது முதல் வருடம் வேடிக்கையாக இருந்தது.

காய்ச்சல் போல இருக்கிறது. கொள்ளு ரசம் வைத்தேன், பக்கத்து அறை மதுரைக்காரி கதவைத் தட்டி ஒரு டம்ளர் வாங்கிப் போனாள். அவளுக்கு எல்லாம் முடிந்துவிட்டது, ஆய்வறிக்கை மட்டும் பாக்கி. "நாலு வந்தாப் போதும்டி, நாலு பாயிண்ட் சைபர். யாரு கேக்கப் போறா" என்றாள். இங்கே ஒன்றுதான் உச்சம், நாலு பாஸின் விளிம்பு. அவளுடைய எல்லாமே ஒன்றில் தொடங்கும் எண்கள். அப்படிப்பட்டவர்கள்தான் நாலு போதும் என்று சொல்வார்கள்.

பிப்ரவரி 18

கணக்குப் போட்டேன். முதல் கேள்வி 15, முழுசாக என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவதில் 12. மூன்றாவது 10, சரி 9. ஐந்தாவது பாதி. ஆறாவது தொட்டேன், அவ்வளவுதான். நான்காவதில் வரைபடத்துக்கு ஏதாவது போட்டால் பாஸ். போடாவிட்டால் இல்லை.

வரைபடத்துக்குப் போடுவார்களா? ஊரில் போடுவார்கள். 'ஸ்டெப் மார்க்' என்று ஒரு தெய்வம் உண்டு. இங்கே ஈரோட்டு அண்ணாவிடம் கேட்டேன். "திருத்தறவரப் பொறுத்துதுங்க" என்றார். எல்லாரிடமும் ங்க போடுவார்; சின்னப் பெண் என்று பார்ப்பதில்லை. அப்புறம் அவரே ஃபோன் செய்து, "மூணாவது வெர்சுக்னா கொஞ்சம் பார்த்துத்தானுங்க போடுவாங்க" என்றார். வெர்சுக் என்றால் முயற்சி. அண்ணாவுக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லவில்லை.

மூன்றாவதும் போனால் இந்த நாட்டில் எங்கேயும் இதே படிப்பைத் தொடர முடியாது. படிப்பு போனால் விசா. விசா போனால் கடன் மட்டும் இருக்கும்.

பிப்ரவரி 19

இரவு வேலை. பார்சல் பிரிப்பது. மணிக்கு 12 யூரோ 82 சென்ட். ஒரு பெட்டி பெல்ட்டில் தலைகீழாக வந்தது. 'இந்தப் பக்கம் மேல்' என்ற அம்பு கீழே பார்த்தபடி. திருப்பி வைத்தேன். எனக்கு மட்டும்தான் அது தெரிந்தது போல.

பிப்ரவரி 20

பனிமூட்டம். புகைபோக்கி பாதிக்கு மேல் இல்லை.

302 மீட்டர். உள்ளூர்க்காரர்கள் அதை 'லுலாட்ஷ்' என்பார்கள், நெட்டையன் மாதிரி. டேனியல் புரேன் என்கிற பிரெஞ்சுக் கலைஞர் ஏழு நிறம் கொடுத்தார். நிலக்கரி எரிப்பது போன வருடத் தொடக்கத்தோடு நின்றுவிட்டது. வேலை போன பிறகும் ராத்திரி ராத்திரி விளக்குப் போட்டுக்கொண்டு நிற்கிறது. அப்பா நினைவு வந்தது, ஏன் என்று எழுதப் போவதில்லை.

பனிமூட்டம் கணக்கில் வராது. வரக் கூடாது.

பிப்ரவரி 23, ஞாயிறு, தேர்தல்

ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் மூன்று முகம். மதுரைக்காரி இன்று வெளியே போக வேண்டாம் என்றாள். நான் போனேன். ஒன்றும் இல்லை. மார்க்ஸ் தலைக்கு எதிரே ஒரு குடும்பம் குழந்தையை நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. 7 மீட்டர் உயரத்துக்கு வெறும் தலை, 40 டன் வெண்கலம். 1953-லிருந்து 1990 வரை இந்த ஊரின் பெயரே கார்ல் மார்க்ஸ் நகரம். அந்த மனிதர் ஒரு நாள்கூட இங்கே வந்ததில்லை என்கிறார்கள். பின்னால் சுவரில் உலகத் தொழிலாளர்களே என்று நான்கு மொழியில். நம் ஊரில் மில் கேட் முன்னால் செங்கொடி பிடித்துக்கொண்டு அப்பா நின்ற போட்டோ ஒன்று இருக்கிறது, கறுப்பு மீசையோடு. இந்தத் தலையை அவருக்கு அனுப்பியபோதும் உயரத்தைத்தான் கேட்டார். எந்த மெட்டல், எத்தனை துண்டாக வார்த்திருப்பான்.

பிப்ரவரி 24

குடியேறிகளை எதிர்க்கும் ஏஎஃப்டி கட்சிக்கு நூற்றுக்கு 37, இந்த மாநிலத்தில் முதலிடம். காலை டிராமில் என் பக்கத்து இருக்கை காலி. அது போன வாரமும் காலிதான். அர்த்தம் தேடக் கூடாது.

தேடினேன்.

பிப்ரவரி 26

சிவராத்திரி. விழித்திருந்தேன், பக்தியால் அல்ல. ஷிஃப்ட்.

பிப்ரவரி 28

மதிப்பெண் பக்கத்தை இன்று எத்தனை முறை திறந்தேன் என்று எழுத மாட்டேன்.

மார்ச் 2

கனவில் நைக்விஸ்ட் வட்டம் சுற்றியது, ஆனால் அது ராட்டை. பாட்டியின் ராட்டை. எந்தத் திசையில் சுற்றியது என்று பார்ப்பதற்குள் விழித்துவிட்டேன்.

மார்ச் 5

கார் மென்பொருள் வேலைக்கு ஒரு நேர்காணல், மாணவர் வேலைதான். எல்லாம் நன்றாகப் போனது. கடைசியில், "கட்டுப்பாட்டுப் பாடம் முடித்துவிட்டீர்களா?" என்று கேட்டார்கள். "எழுதியிருக்கிறேன்" என்றேன். ஜெர்மனில் அந்த இரண்டு வினைச்சொல்லும் வேறுவேறு. அவர்கள் கவனித்தார்கள்.

மார்ச் 6

கம்பளிக் கோட் இல்லாமல் இன்று நடக்க முடிந்தது. வெயில். எல்லோரும் முகத்தை மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள், பல்லிகள் போல. நானும் நின்றேன். பத்து நிமிடம் எதுவுமே நினைக்கவில்லை. பதினோராவது நிமிடம் நான்காவது கேள்வி.

மார்ச் 7

பாட்டில்களைத் திருப்பிக் கொடுத்து 4 யூரோ 25 சென்ட். பதினேழு பாட்டில். பணக்காரி.

மார்ச் 9

சொல்லிவிட்டேன்.

சொல்வதாக இல்லை. அப்பா எப்போதும் போல நாலு கேள்வி கேட்டார்: சாப்பிட்டியா அம்மிணி, குளுரு எப்படி, வேலை எப்படி, பரீச்ச ரிசல்ட் வந்துதா. நான்காவது கேள்வி. சிரிப்பு வந்துவிட்டது, சிரிக்க ஆரம்பித்தது அழுகையில் போய் நின்றது. மூன்றாவது தடவைங்கப்பா. போனா திரும்பி வரோணுங்கப்பா.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும். அங்கே இரவு ஒன்பதரை. கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்திருப்பார், அது அவர் வழக்கம்.

அப்புறம், "அப்படி என்ன கேட்டான்?" என்றார்.

யாரிடமும் இதுவரை தமிழில் சொன்னதில்லை. போல், சுற்று, இடது பாதி எதுவும் அவரிடம் செல்லாது. "தானா விட்டா விழுந்துருங்கப்பா. ஆனா விழற பக்கம் பார்த்துப் பார்த்துக் கையை நகர்த்திட்டே இருந்தா நிக்கும். நிக்குமா நிக்காதான்னு கேட்டாங்க."

"கையில வெளக்குமாறு நிறுத்தறதா?"

"அதேதானுங்கப்பா."

"சின்னப் புள்ளயில நீ வாசல்ல அதத்தான நாளெல்லாம் நிறுத்திட்டுத் திரிவ. உங்கம்மா திட்டுவாளே." கொஞ்சம் நேரம் ஒன்றும் பேசவில்லை. "அத எப்படி அம்மிணி நிக்காதுன்னு எழுதுன?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்று அவரே சொன்னார். மறுபடி பழனிக்குக் கிளம்பிவிடுவாளாம்.

மார்ச் 10

பொதுச் சமையலறையில் விளக்குமாறை உள்ளங்கையில் நிறுத்திப் பார்த்தேன். 40 விநாடி. வியட்நாம் பெண் ஒருத்தி தண்ணீர் பிடிக்க வந்து, பார்த்து, ஒன்றும் கேட்காமல் போனாள்.

விளக்குமாறு நீளமாக இருந்தால் சுலபம், பேனா என்றால் முடியாது. நேரம் போதாது, கை பின்தங்கிவிடும். இது புத்தகத்தில் இருக்கிறது. இரண்டு வருடமாகப் புத்தகத்தில் மட்டும் இருந்தது.

மார்ச் 12

அப்பாவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். பத்து விநாடி. "அம்மிணி, வட்டம் போட்டதுக்கு மார்க்கு குடுப்பானா?"

ஆக, அவரும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

மார்ச் 14

இல்லை. இன்றும் இல்லை.

மார்ச் 16

மதுரைக்காரிக்கு வேலை கிடைத்துவிட்டது, ஸ்டுட்கார்ட். கேக் வாங்கி வந்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தேன், முக்கால்வாசி. மீதிக் காலில் கொஞ்சம் விஷம். அதையும் எழுதிவைக்கிறேன், பின்னால் நான் நல்லவளாக இருந்தேன் என்று நினைத்துக்கொள்ளாமல் இருக்க.

அவள் போனால் அந்த அறைக்கு யார் வருவார்கள். கொள்ளு ரசம் யாருக்கு.

மார்ச் 18

புகைபோக்கியைப் பார்க்காமல் திரைச்சீலை போட்டுவிட்டேன்.

மார்ச் 19

போட்டுவிட்டு விலக்கிப் பார்த்தேன். தெரிந்தது. உச்சி வரை.

மார்ச் 20, வியாழன்

3.7

மார்ச் 21

தூங்கினேன், பதினான்கு மணி நேரம். எழுந்தபோது அப்பாவிடமிருந்து ஏழு தவறிய அழைப்புகள், ஏனென்றால் நேற்று அவருக்கு எண்ணை மட்டும் அனுப்பிவிட்டுக் கைப்பேசியை அணைத்திருந்தேன்.

"மூணே முக்கால்னா எத்தனைக்கு? பத்துக்கா?"

"அஞ்சுக்குங்கப்பா. கொறஞ்சா நல்லது. ஒண்ணுதான் முதல் மார்க்."

"அப்ப மூணே முக்கா எதுக்கு வாங்குன?"

பாஸுங்கப்பா, பாஸ் என்று மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. பிறகு அம்மாவைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. ஃபோனைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். நாலு நிமிடம் எங்கள் வீட்டு மின்விசிறியைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மார்ச் 22

நான்காவதுக்கு எவ்வளவு போட்டிருப்பார்கள்? என் கணக்குப்படி மற்றதெல்லாம் சேர்த்தால் பாஸுக்குப் பக்கத்தில்தான் நிற்கும், 3.7 வராது. அப்படியென்றால் வட்டத்துக்குப் போட்டிருக்க வேண்டும். அல்லது ஆறாவதில் ஏதாவது தற்செயலாகச் சரியாக எழுதியிருக்க வேண்டும். அது இன்னும் மோசம்.

விடைத்தாளைப் போய்ப் பார்க்கலாம். பாஸானவர்கள் யாரும் போவதில்லை என்றார் ஈரோட்டு அண்ணா, விட்டுருங்க என்றார். மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். ஏப்ரல் 3, காலை 9 மணி. முந்தின இரவு ஷிஃப்ட் இருக்கிறது, யாரிடமாவது மாற்றிக் கேட்க வேண்டும்.