அந்த தொண்ணூறு பர்சென்ட்

"தொண்ணூறு பர்சென்ட் ஒண்ணும் இல்ல அங்கிள்." என்கிட்ட வந்த ஒரு நோயாளிகிட்ட இதைத்தான் சொன்னேன். ரெண்டு வருஷம் ஆகப்போகுது, இன்னும் அது என் குரல்லயே காதுல கேட்டுக்கிட்டு இருக்கு. ஆள் யாருன்னு தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தித்தான் எழுதுறேன்.

சுகர், பிரஷர் செக்கப்புக்கு வந்தவர். எல்லாம் முடிஞ்சு மருந்தும் எழுதியாச்சு, கதவு வரைக்கும் போயிட்டு திரும்பி, "டாக்டர், இந்தக் காலை மட்டும் ஒரு தடவை பாத்துடுங்களேன்"னார். பாலிகிளினிக்ல வேலை பாக்குறவங்களுக்குத் தெரியும், முக்கியமான விஷயம் கதவுகிட்டதான் வரும். இடது குதிகால்ல காய்ச்சுப்போன தோல்ல ஒரு கருப்பு, சட்டை பட்டன் அளவு. எத்தனை நாளா இருக்குன்னு கேட்டேன், "கொஞ்ச நாளாத்தான்மா"ன்னார். நான் அதை ரெண்டு மூணு வாரம்னு எடுத்துக்கிட்டேன்.

பிளேடை எடுத்து மேல்தோலை மெல்ல சீவினேன். குதிகால்ல அடிபட்டு மேல்தோலுக்குள்ள ரத்தம் உறைஞ்சு கருத்துப்போறது சகஜம், அப்படின்னா சீவும்போதே உதிர்ந்துடும். காஞ்ச தோல் வெள்ளையா சுருள் சுருளா வந்துச்சு, அதோட கருப்புத் துகளும் வந்துச்சு. முழுசா வரல. அடியில சாம்பல் கலர்ல நிழல் மாதிரி கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. அதைப் பாத்தேன், பாத்தது நல்லா ஞாபகம் இருக்கு. சுகர்காரர் கால், இன்னும் ஆழமாப் போனா புண்ணாயிடும்னு நிறுத்திட்டேன். நிறுத்தினது தப்பில்ல, இன்னைக்கும் அங்கதான் நிறுத்துவேன். ஆனா அந்த மிச்சத்தைப் பத்தி அப்ப யோசிச்சேனா, இல்ல ஏற்கனவே முடிவு பண்ணிட்டுத்தான் பிளேடை எடுத்தேனாங்கிறதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

"நிச்சயமாவாம்மா? அடுத்த வாரம் ஊருக்குப் போறேன், குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகம், வர மூணு மாசம் ஆகும்." அதுக்குத்தான் அந்தத் தொண்ணூறு பர்சென்ட் பதில். "அப்ப சரிம்மா"ன்னு செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டார்.

திரும்பி வந்தப்ப பட்டன் அளவு இல்ல. ஒரு ஓரம் மட்டும் கருப்பு மை கசிஞ்ச மாதிரி நீண்டிருந்துச்சு. அன்னைக்கே அவசரம்னு ஸ்பெஷலிஸ்டுக்கு லெட்டர் எழுதினேன். பயாப்சியில மெலனோமாங்கிற தோல் கேன்சர்னு வந்துச்சு, உள்ளங்கை, உள்ளங்கால், நகத்துல வர்ற அக்ரல் வகை, ஆழம் 1.4 மில்லிமீட்டர். வெட்டி எடுத்து தொடைத் தோலை ஒட்டினாங்க, இடுப்புக் கவட்டுல நெறிக்கட்டியையும் எடுத்துப் பாத்தாங்க, பரவல. இப்ப நல்லா இருக்கார், அதைச் சொல்லிடணும்.

சர்ஜரிக்கு முன்னாடி அவங்க மனைவிகிட்ட பேசும்போதுதான் தெரிஞ்சுது, அந்தக் கருப்பு ரெண்டு வருஷமா இருந்திருக்கு. "கொஞ்ச நாளா"ன்னா நம்ம ஆளுங்க வாயில ரெண்டு வாரமும் உண்டு, ரெண்டு வருஷமும் உண்டு. நானும் தமிழச்சிதானே, எங்க வீட்டுலயும் அப்படித்தானே பேசுவாங்க, போன தீபாவளிக்கு இருந்துச்சா அங்கிள்னு ஒரு கேள்வி கேட்டிருந்தா போதும். சீன டாக்டர் யாராவது நர்ஸை வச்சு மொழிபெயர்த்துக் கேட்டிருந்தா இதைவிடத் தெளிவாக் கேட்டிருப்பாங்களோன்னு கூடத் தோணுது. பாஷை தெரிஞ்சதாலயே மேல கேக்காம விட்டுட்டேன்.

எனக்காகவும் கொஞ்சம் பேசிக்கிறேன். மெலனோமாவைச் சந்தேகப்பட நாங்க படிச்ச ஏபிசிடி விதி, ரெண்டு பக்கமும் ஒத்துப்போகாத வடிவம், பிசிறான ஓரம், பல நிறம், 6 மில்லிமீட்டருக்கு மேல விட்டம், இது 1985-ல நியூயார்க்ல வந்தது, மாறிக்கிட்டே இருக்கான்னு பாக்குற ஈ அப்புறம் 2004-லதான் சேர்ந்துச்சு. அதெல்லாம் பெரும்பாலும் வெள்ளைத் தோல்ல வர்ற மச்சத்தைப் பாத்து எழுதினது. நம்ம மாதிரி கருத்த தோல்லயும் சீனர், மலாய்க்காரர் தோல்லயும் இது அதிகமா வர்றது வெயிலே படாத பாதத்துல. அதுலயும் காய்ச்சுப்போன குதிகால்ல ஓரம் எங்க, நிறம் எங்கன்னு வெறும் கண்ணால எப்படிச் சொல்றது?

அப்புறம் 2018-ல வந்த, பல ஆய்வுகளை ஒண்ணாச் சேர்த்துப் பாக்குற காக்ரேன் அமைப்போட ஆய்வுத் தொகுப்பைத் தேடிப் படிச்சேன். கேன்சர் இல்லாத 100 பேர்ல 80 பேரைச் சரியா இல்லன்னு சொல்ற அளவுல வச்சுப் பாத்தா, இருக்கிற மெலனோமாவுல வெறும் கண்ணு 76 சதவீதத்தைத்தான் பிடிக்குது, தோலைப் பெருசாக்கிக் காட்டுற டெர்மாஸ்கோப் வச்சுப் பாத்தா 92. அதுவும் பெரும்பாலும் ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்ல நடந்த ஆய்வுங்க. பக்கத்து ரூம் டாக்டர்கிட்ட டெர்மாஸ்கோப் இருந்துச்சு. கதவைத் தட்டிக் கேட்டிருக்கலாம். கேட்டு வாங்கியிருந்தாலும் பாதத்தைப் படிக்க அப்ப எனக்குத் தெரியாது, ரேகையோட பள்ளத்துல நிறம் ஓடினா பெரும்பாலும் சாதா மச்சம், வேர்வைத் துளை வரிசையா இருக்கிற மேட்டுல ஓடினா சந்தேகப்படணும்னு அதுக்கு அப்புறம்தான் கத்துக்கிட்டேன். மேடு எது பள்ளம் எதுன்னு குழம்பினா பேனா மையைத் தடவித் துடைச்சுடுவேன், பள்ளத்துல மட்டும் மை கோடு கோடா நிக்கும்.

ஆனா என்னை அறுக்கிறது இது எதுவும் இல்ல, அந்த நம்பர்தான். தொண்ணூறு எங்கிருந்து வந்துச்சு? நான் எதையும் எண்ணிப் பாத்துச் சொல்லல. யோசிச்சுப் பாத்தா அது பொய்யும் இல்ல, குதிகால் கருப்போட வர்ற நூறு பேர்கிட்ட பாதத்தைப் பாக்காமலே ஒண்ணும் இல்லன்னு சொன்னாலும் தொண்ணூறுக்கு மேல சரியாத்தான் வரும், ஏன்னா இந்த நோய் அவ்வளவு அபூர்வம். அந்த நம்பர் ஊர்ல இருக்கிற குதிகாலைப் பத்தினது, அவரோட குதிகாலைப் பத்தி அதுல ஒண்ணுமே இல்ல. நான் சீவிப் பாத்துட்டுச் சொன்னதால, பாத்ததுனால கிடைச்ச நம்பர்னு அவர் நினைச்சுக்கிட்டார். நானும்தான் நினைச்சேன்.

சர்ஜரி முடிஞ்சு கட்டோட வந்தப்ப, "நான் அந்த மிச்சப் பத்துல விழுந்துட்டேன் போலம்மா"ன்னு சிரிச்சார். கோபமே இல்ல. அந்தப் பத்துன்னு ஒண்ணு இல்லவே இல்ல அங்கிள்னு சொல்ல வாய் வந்துச்சு, அதுக்குள்ள சுகர் எவ்வளவு இருக்குன்னு கேட்டார், சொன்னேன். கூட வேலை பாக்குற சீனியர் ஒருத்தர், மூணு நாலு மாசத்துல பெருசா மாறியிருக்காது, மனசைப் போட்டு வருத்திக்காதேன்னார். அவர் சொல்றது சரியா இருக்கலாம். ஆனா அன்னைக்கு அந்த நிழலோட ஆழத்தை யாரும் அளக்கல, அவரும் என்னை மாதிரி ஒரு ஊர்க் கணக்கைத்தான் சொல்றார்னு பட்டுச்சு.

இப்ப நம்பர் சொல்றதில்ல. போன மாசம் ஒரு அம்மா, கட்டைவிரலுக்குக் கீழ இதே மாதிரி. நிறம் மேட்டுலயா பள்ளத்துலயான்னு தெளிவாத் தெரியல, ஸ்பெஷலிஸ்ட்கிட்ட அனுப்பிட்டேன். கூட வந்த மக, "எவ்வளவு சான்ஸ் டாக்டர்?"னு மூணு தடவை கேட்டா. பாத்து மட்டும் சொல்ல முடியாதும்மான்னேன். அந்த அம்மா முகம் அப்படியே செத்துப்போச்சு. ரிசல்ட் வர மூணு வாரம் ஆச்சு, ஒண்ணும் இல்லன்னு வந்துச்சு. அந்த மூணு வாரமும் அம்மா சரியா சாப்பிடல, ராத்திரி எழுந்து லைட்டைப் போட்டுக் காலைப் பாத்துக்கிட்டே இருந்தாங்கன்னு மக சொன்னா. தொண்ணூறுன்னு சொல்லிட்டே அனுப்பியிருந்தா தூங்கியிருப்பாங்க.