கறிவேப்பிலைக் கன்று வேண்டுமா?

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக் கீழே உள்ள சமூகத் தோட்டத்தில் அம்மா வைத்த கறிவேப்பிலை ஆளுயரத்தைத் தாண்டிவிட்டது. அடியைச் சுற்றி வேரிலிருந்து கிளம்பிய பக்கக்கன்றுகள் நான்கு. இன்று காலை அவற்றைப் பிரித்தோம்.

போன வருடம் அவசரப்பட்டுப் பிடுங்கிவிட்டேன். மூன்று கன்றும் ஒரே வாரத்தில் வாடிப்போயின. கன்றுக்கென்று சொந்த வேரே இல்லை. பென்சில் பருமனில் ஒரு தாய்வேர்தான் அதற்குச் சோறூட்டிக்கொண்டிருந்தது. அதனால் இந்த முறை ஒரு மாதம் முன்பே தாய்ச்செடிப் பக்கம் மட்டும் அந்த வேரைச் சுத்தமான கத்தியால் வெட்டி, கன்றை அங்கேயே மண்ணில் விட்டுவைத்தோம். இன்று தோண்டினால் வெள்ளை வெள்ளையாக நூல் வேர்கள்! வெட்டுப்பட்ட வேரிலிருந்து அதே கறிவேப்பிலை வாசம். "மண்ணை உதிர்த்துடாதடா, அப்படியே தூக்கு" என்று அம்மா பதறினார்.

பாதி இலைகளைக் கிள்ளிவிட்டு, தொட்டியில் வைத்து, நிழலில் வைத்திருக்கிறோம். தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள், டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு வந்துவிடும். வேரும் அழுகும்.

மல்லிகைக்கு வேறு வழி உண்டு. தாழ்ந்த கிளை ஒன்றில் கணுவுக்குக் கீழே லேசாகச் சீவி, மண்ணுக்குள் வளைத்துப் புதைத்தால் சில வாரங்களில் வேர்விடும். அப்புறம் வெட்டிக்கொள்ளலாம்.

ஒரு கன்று பக்கத்து வீட்டு மலாய் அக்காவுக்கு. துளிர்விட்டதும் இரண்டு தரலாம். ஈசூன் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்.