ராத்திரிச் சோறும் ஸ்குவாட் ரேக்கும்

ஜனவரி 5, 2025

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்துவிட்டது. மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 5.9, ரத்தக் கொழுப்பான டிரைகிளிசரைடு 212. முதலாவது 5.7 தொட்டாலே சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, இரண்டாவது 150க்குள் இருக்க வேண்டும். பதினாறு வருடமாக வெயிட் தூக்குகிறவன், முப்பத்தெட்டு வயதிலும் 140 கிலோவைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட் போடுகிறவன், நமக்கெல்லாம் இது வராது என்று இத்தனை நாளும் மிதப்பில்தான் இருந்தேன். கல்லீரலுக்காகப் பார்க்கும் எஸ்ஜிஓடி என்ற என்சைமும் கொஞ்சம் ஏறியிருந்தது. டாக்டர் அதைப் பார்த்ததும் "முந்தின நாள் ஜிம் போனீங்களா?" என்றார். போனேன், டெட்லிஃப்ட். கடுமையாகத் தூக்கினால் தசையிலிருந்தே அது ரத்தத்தில் கலக்குமாம், கல்லீரலைக் குறை சொல்ல வேண்டாம் என்றார். சர்க்கரைக்கு அப்படி ஒரு சாக்கும் கிடைக்கவில்லை.

ஜனவரி 7

இன்று தட்டை எடை போட்டேன். பகலில் ஆபீஸ் அவசரத்தில் ஏதோ கொறிப்பது, மாலை ஜிம், ஒன்பதரைக்கு வீட்டில் ஒரு சோற்று மலை, பத்தரைக்குப் படுக்கை. இதுதான் பல வருட வழக்கம். மலையின் எடை 550 கிராம். 100 கிராம் வெந்த சோற்றில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து என்றால் 150 கிராமுக்கு மேல் போகிறது, குழம்பில் கிடக்கும் உருளைக்கிழங்கைக் கணக்கில் சேர்க்காமலே.

இந்தப் பழக்கம் எங்கே தொடங்கியது என்று தெரியும். சத்துவாச்சாரி பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கிய சமயம் வேலூரில் எங்கள் ஜிம்மில் கால் வைக்க இடமில்லை. காலையும் மாலையும் தூக்குவோம். "ராத்திரி நல்லா சோறு அடிங்கடா" என்பார் மாஸ்டர். அவர் சொன்னதில் தப்பில்லை, வாரத்தில் ஆறு நாள் தூக்கினவர்களுக்குச் சொன்னது அது. தோள்பட்டை போன பிறகு நான் மூன்று நாளுக்கு வந்துவிட்டேன், சோறு மட்டும் ஆறு நாள் கணக்கிலேயே நின்றுவிட்டது. லிஃப்டிங் பெல்ட் ஒரு ஓட்டை தள்ளிப் போனபோதுகூட 'பவர் தொப்பை' என்று சிரித்தோம்.

ஜனவரி 13, போகி

குளுக்கோமீட்டர் வாங்கினேன். வெள்ளிக்கிழமை ஸ்குவாட் முடித்துச் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை 134. நேற்று ஞாயிறு, ஜிம் இல்லை, அதே அளவு சோறு, அதே ரசம், 187. மீட்டர் 15 சதவீதம் வரை முன்பின் காட்டலாம் என்பதால் இதை வைத்தே தீர்ப்பு எழுத மாட்டேன், ஆனால் காரணம் புரிகிறது. தசை வேலை செய்யும்போது செல்லுக்குள் ஒதுங்கியிருக்கும் குளூட்4 என்ற புரதம், இன்சுலின் வந்து கூப்பிடாமலே மேலே வந்து சர்க்கரையை உள்ளே இழுக்கிறது. தசை சர்க்கரையைக் கிளைகோஜனாகச் சேமிக்கும் தொட்டி காலியாகியிருந்தது, அது நிரம்புகிறது. ஒருமுறை தூக்கினால் இந்தச் சலுகை ஒன்றிரண்டு நாள்தான். தொட்டி நிரம்பிய பிறகும் சோறு வந்துகொண்டே இருந்தால் கல்லீரல் அதைக் கொழுப்பாக்கி ரத்தத்தில் அனுப்புகிறது. என் 212 அங்கேயிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

ஜனவரி 14

பொங்கல். மீட்டரைத் தொடவில்லை.

ஜனவரி 26

வாட்ஸ்அப் குரூப்பில் சண்டை. ஒரு கட்சிக்கு ஆறு மணிக்கு மேல் சோறு விஷம், இன்னொரு கட்சிக்கு ராத்திரிச் சோறுதான் உடம்பு. இரண்டாம் கட்சிக்காரர்கள் இஸ்ரேல் போலீஸ்காரர்களை வைத்துச் செய்து 2011இல் வெளியான ஆய்வைக் காட்டுகிறார்கள். 78 பேர், ஆறு மாதம். மாவுச்சத்தைப் பெரும்பாலும் இரவில் சாப்பிட்டவர்களுக்கு எடையும் கூடுதலாகக் குறைந்தது, பசியும் அடங்கியது. சரி, ஆனால் எல்லோரும் உடல் பருமன் உள்ளவர்கள், அளவைக் குறைத்துச் சாப்பிட்டவர்கள். 550 கிராம் மலைக்கு அது சாட்சி சொல்லாது. முதல் கட்சியிலும் பாதி உண்மை இருக்கிறது. காலையை விட மாலையில் உடம்பு சர்க்கரையைச் சமாளிப்பது மந்தம்தான், இரவில் சுரக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் இன்சுலின் சுரப்பை மட்டுப்படுத்துகிறது. எனக்கு நெஞ்செரிச்சலும் சேர்ந்துகொள்ளும், அதை இத்தனை வருடம் கார மசாலா தலையில் போட்டுவந்தேன்.

பிப்ரவரி 9

ஒரு வாரம் ராத்திரிச் சோற்றை அடியோடு நிறுத்திப் பார்த்தேன். முட்டாள்தனம். விடியற்காலை மூன்று மணிக்கு ஃபேனைப் பார்த்தபடி படுத்திருந்தேன், வழக்கமாக ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்னாட்ச் வெயிட் இரண்டு முறை முன்னால் விழுந்தது. "சோறு துன்னாம எப்படிடா தூக்குவே?" என்று அம்மா தினமும் கேட்டாள், பதில் சொல்ல முடியவில்லை.

இப்போதைய ஏற்பாடு: தூக்கும் நாளில் 350 கிராம், ஜிம்மிலிருந்து வந்த உடனே, எட்டரைக்குள். மற்ற நாளில் 150 கிராம், அதுவும் முட்டையும் பொரியலும் சாப்பிட்ட பிறகு கடைசியில். மிச்சச் சோறு மதியத்துக்குப் போய்விட்டது. சாப்பிட்டதும் தெருமுனை வரை ஒரு நடை, நாய்களுக்கு இப்போது என்னைப் பழகிவிட்டது.

ஏப்ரல் 13

ஹெச்பிஏ1சி 5.6, டிரைகிளிசரைடு 141. இடுப்பு நான்கு சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது, ஸ்குவாட் 140இல் அப்படியே நிற்கிறது. எடையும் மூன்று கிலோ குறைந்ததால் எது எதனால் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. நேரம், அளவு, நடை, எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றியது என் தப்பு.

நாளை புத்தாண்டு, திங்கட்கிழமை, ஸ்குவாட் நாள். "நாளைக்கு ஜிம்மு உண்டா இல்லையா?" என்று சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுக்கிறாள். இப்போதெல்லாம் அதைக் கேட்டுவிட்டுத்தான் அரிசி அளக்கிறாள்.