போட்டுல வைஃபை வேணுமாம் மாமாவுக்கு

குமரி மாவட்டம் தேங்காப்பட்டணத்துல மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 1-லேருந்து ஜூலை 31 வரைக்கும் போட்டும் கரையில மாமாவும் கரையில, அதுதான் பிரச்சனையே. கப்பல்ல வேலை பாக்குற அவரு மச்சினன் ஒருத்தன் நடுக்கடல்லேருந்து சோறு தின்னுக்கிட்டே வீடியோ கால் பண்ணிட்டான், அதுலேருந்து மனுசனுக்கு உறக்கம் இல்ல. "லேய் மக்கா, அவனுக்கு அட்லாண்டிக்ல நெட் கெடக்கு, எனக்கு கரை மறைஞ்சா வாட்ஸப்பே வரமாட்டேங்கு, நீ என்னத்துக்குல இஞ்சினியரிங் படிச்ச?"

நான் சிவில் மாமா. கேட்டாத்தானே.

சேட்டிலைட் நெட்டுன்னு ஒரு வார்த்தை சொன்னேன், சாயங்காலம் பாத்தா மாடியில கெடந்த டிவி டிஷ்ஷு போட்ட ஓட்டுற வீல்ஹவுஸ் ரூம் மேல, வலைக்கயிறு போட்டு கெட்டி வச்சிருக்காரு. "மாமா, இதுல படம் வரும், நம்மகிட்டேருந்து ஒண்ணும் மேல போவாது. அதும் போக அந்த சேட்டிலைட்டு சுமார் 36,000 கிலோமீட்டர் ஒசரத்துல ஒரே எடத்துல நிக்குது, டிஷ்ஷு அதையே பாத்துட்டு இருக்கணும், போட்டு ஒரு ஆட்டம் ஆடினா தீந்துது." "பயலுவள்ல ஒருத்தன புடிச்சிட்டு நிக்கச் சொல்லுவோம்." சீரியஸாத்தான் சொல்லுறாரு.

ஸ்டார்லிங்க்னு ஒரு சேட்டிலைட் நெட் கம்பெனி இருக்கு, அவனுக்க சேட்டிலைட்டெல்லாம் 500 கிலோமீட்டர் பக்கத்துலயே சுத்துது, அதுக்க டிஷ்ஷு தானே தேடிப் புடிச்சுக்கும்னு சொன்னது என் வாய்க்கொழுப்பு. "வெளிநாட்டுலேருந்து ஒண்ணு கொண்டு வரச் சொல்லட்டா?" அந்த கம்பெனிக்கே இந்தியாவுல லைசன்ஸ் 2025 ஜூன்லதான் கெடச்சுது, பெர்மிஷன் இல்லாம துரையாங்குற சேட்டிலைட் போன வச்சிருந்தாலே ஏர்போர்ட்ல புடிச்சு உள்ள வைப்பான்னு சொல்லி ஒருவழியா அடக்குனேன்.

"ஏற்கனவே போட்டுல இஸ்ரோ டிரான்ஸ்பாண்டர்னு சிக்னல் வாங்கி அனுப்புற பெட்டி ஒண்ணு வச்சுத் தந்திருக்காங்கல்லா மாமா, அதும் சேட்டிலைட்டுதான், பைசா கெடையாது, புளூடூத்ல போன கனெக்ட் பண்ணி சின்ன மெசேஜ் விடலாம், புயல் வார்னிங் வரும்." 2017-ல ஒக்கி அடிச்சப்ப இது இருந்திருந்தான்னு எங்க கடக்கரையில பேசாத ஆளில்ல. "அது எங்க இருக்கு மாமா?"

பதில் இல்ல. மேல ஏறிப் பாத்தா அதுக்க ஆன்டெனா மேல பழைய பெயிண்ட் வாளி ஒண்ணு கவுந்து கெடக்கு.

"அது நாம நிக்குற எடத்த காட்டிக் குடுத்துரும்லா! கேரை மீனு கெடக்குற எடத்த ஊருக்கே சொல்லவா?"

வயர்லெஸ்ல பக்கத்து போட்டுக்காரன் எங்க நிக்கீருன்னு கேட்டாக்கூட "கடல்ல"ன்னு சொல்லுற ஆளு இவரு.

"அப்போ வீடியோ கால் போட்டா மட்டும் தெரியாதா?"

"கேமராவ வானத்துக்குத் திருப்பி வச்சுக்கிடுவேன்."

பிளாஸ்டிக் வாளிக்குள்ளேருந்தும் சிக்னல் ஜம்முன்னு போவும்ங்கத அவருகிட்ட நான் இன்னும் சொல்லல்ல. அத்தைகிட்ட மட்டும் சொன்னேன். அவங்க சிரிச்ச சிரிப்புல அடுப்புல இருந்த மீன்கொழம்பு பொங்கி வழிஞ்சுது.

"வாளிய எடுத்துராத மக்களே, காத்துல பறந்துராம நல்ல ஒரு கயிறு போட்டு கெட்டி வை."